கையகலப் புத்தகசாலை

ஒரு வீட்டிலுள்ள புத்தக அலமாரியை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாற்றுவது லேசான காரியம் அல்ல. நாலு ஆள் வேண்டும். தூசி கிளம்பும், தும்மல் வரும், பத்து வருஷத்துக்கு முன் காணாமற்போன தபால் கார்டு ஒன்று ஏதாவது ஒரு புத்தகத்திலிருந்து விழும், அதை வாசித்துக்கொண்டு அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்திருக்க நேரும். ஆனால் ஒரு விஷயம் நிச்சயம். எவ்வளவு தொல்லைப்பட்டாலும், மாற்றிய பிறகு அலமாரியில் உள்ள புத்தகங்களின் எண்ணிக்கை குறைவதில்லை. அந்த அறையில் கம்பராமாயணமாக இருந்தது இந்த அறையிலும் கம்பராமாயணமாகவே இருக்கிறது.

இந்தக் காலத்தில் ஒரு முழு அலமாரியை 200 கிராம் எடையுள்ள ஒரு மின் பலகைக்குள் அடக்கிவிடுகிறார்கள். அதைத் தூக்க ஆள் வேண்டாம். இரண்டு விரல் போதும். ஆனால் ஒரு பலகையை விட்டு மற்றொரு பலகைக்குக் குடிபோகும்போதுதான், உள்ளே இருந்தவை யாருடைய புத்தகங்கள் என்ற கேள்வி கிளம்புகிறது. சென்ற சில மாதங்களாக நமது வீட்டில் இந்தக் கேள்வி தினந்தோறும் விவாதிக்கப்பட்டு வருகிறது. ஆகவே அதை நேயர்கள் முன்னும் வைப்பது நமது கடமை என்று எண்ணுகிறோம்.

நம்மிடம் முதலில் இருந்தது 'கிண்டில்' என்னும் பலகை. அமெரிக்காவின் அமேசான் கம்பெனி 2021-ஆம் வருஷத்தில் வெளியிட்ட 'பேப்பர்வொயிட்' ரகம். இப்போது இருப்பது 'கோபோ'. அது கனடா தேசத்து டொரொண்டோ நகரத்தில் பிறந்து, 2012-ஆம் வருஷம் முதல் ஜப்பானிய ரகுடென் கம்பெனியின் கைக்கு வந்தது. டொரொண்டோவில் உத்தியோகம் பார்க்கும் நமது மைத்துனர் ஊருக்கு வந்தபோது, அதன் 'லிப்ரா கலர்' என்னும் 2024-ஆம் வருஷத்து ரகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். 'புக்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களைக் கலைத்து அடுக்கினால் 'கோபோ' என்று வரும். பெயர் வைத்தவர்களின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

"இரண்டில் எது உசத்தி?" என்று கேட்கிறார்கள் நண்பர்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வார்த்தைப் பதில்களால் உலகத்தில் விளைந்திருக்கும் அனர்த்தங்கள் போதும். சற்று விஸ்தாரமாகவே சொல்லுவோம்.

முதலில் இரண்டுக்கும் பொதுவான அற்புதத்தைச் சொல்லவேண்டும். இந்தப் பலகையின் முகம் டெலிபோனின் முகத்தைப் போலக் கண்ணைக் குத்துவதில்லை. காரணம், அங்கே எழுத்து வெளிச்சத்தால் ஆனதல்ல. நிஜமான கறுப்புப் பொடியாலும் வெள்ளைப் பொடியாலும் ஆனது. தலைமயிரின் பருமன் அளவே உள்ள லட்சக்கணக்கான குமிழிகளைப் பரப்பி, ஒவ்வொன்றுக்குள்ளும் இந்த இருவகைப் பொடியையும் ஒரு திரவத்தில் மிதக்க விட்டிருக்கிறார்கள். மின்சாரத்தின் போக்கை மாற்றினால் ஒரு சமயம் கறுப்பு மேலே வருகிறது. ஒரு சமயம் வெள்ளை மேலே வருகிறது. வந்தது வந்தபடி நிற்கும். பக்கத்தைப் புரட்டும்போதுதான் மறுபடி மின்சாரம் செலவாகும். ஆகையால்தான் ஒரு தரம் மின்னூட்டினால் வாரக்கணக்கில் படிக்கலாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலையைச் சேர்ந்தவர்கள் 1997-ஆம் வருஷத்தில் 'ஈ இங்க்' என்ற கம்பெனியை இதற்காகவே தொடங்கினார்கள். 2004-ல் ஜப்பானில் ஸோனி கம்பெனி இந்த மையைக் கொண்டு முதற் பலகையை விற்றது. 2007 நவம்பர் 19-ந் தேதி கிண்டில் வந்தது. அன்று அதன் விலை 399 டாலர். ஆனாலும் ஐந்தரை மணி நேரத்தில் கையிருப்பு முழுதும் தீர்ந்துபோயிற்று. கோபோ 2010-ல் 149 டாலருக்கு வந்தது. உரிமைக் காலம் கடந்த பழைய இலக்கியங்கள் 100 அதற்குள் இலவசமாக இருந்தன.

இனி வித்தியாசங்களைப் பார்ப்போம்.

எடையில் அதிக பேதம் இல்லை. கிண்டில் 205 கிராம். கோபோ 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கிண்டிலின் முகம் 6.8 அங்குலம், கோபோவின் முகம் 7 அங்குலம். இரண்டிலும் கறுப்பெழுத்து ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அமைகிறது. நல்ல அச்சுக்கு அது சமானம். கோபோவில் வர்ணமும் உண்டு. ஆனால் வர்ணப் படத்துக்கு அங்குலத்துக்கு 150 புள்ளிதான். அந்த வர்ணத்துக்காக மேலே ஒரு மெல்லிய படலம் போடவேண்டியிருப்பதால், இவ்வகைப் பலகை எதிலும் காகிதத்தின் வெண்மை சிறிது மங்கிப் பழுப்புப் பத்திரிகையை நினைவூட்டும். பழைய பத்திரிகைகளில் பழகிய நமக்கு அது குறையாகத் தோன்றவில்லை. தூய வெண்மையில் கறுப்பெழுத்து வேண்டும் என்பவர்கள் கிண்டிலைத்தான் தேடவேண்டும்.

கோபோவின் ஓர் ஓரத்தில் பக்கம் புரட்டுவதற்கு இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. இது அற்ப விஷயம் என்று இளவயதினர் எண்ணக்கூடும். நமது தாயாருக்கு வயது 78. கண்ணில் புரை விழுந்து சத்திர சிகிச்சை செய்துகொண்டவர். அச்சுப் புத்தகத்தின் எழுத்து அவர்களுக்கு எறும்பு ஊர்வதைப்போல் தெரியத் தொடங்கியதும், படிப்பதையே விட்டுவிட்டார்கள். சிறு வயது முதல் கையில் புத்தகம் இல்லாமல் மத்தியானத்தைக் கழித்து அறியாத அம்மாள், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நாம் கண்டிருக்கிறோம். மின் பலகையில் எழுத்தைக் கொட்டைப்பாக்கு அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று காட்டியபோது, முதலில் நம்பவில்லை. பிறகு பலகையைக் கையை விட்டு இறக்கவில்லை. ஆனால் எழுத்து பெரிதானால் பக்கத்துக்குப் பத்து வரிதானே இருக்கும்? நிமிஷத்துக்கு இரண்டு தரம் புரட்டவேண்டும். தொட்டுப் புரட்டும் பலகை எதுவானாலும், முதிய விரலின் நடுக்கத்தில் ஒன்றுக்கு மூன்று பக்கமாகத் தாவிவிடுவது உண்டு. பொத்தானில் அந்தத் தொல்லை இல்லை.

"இது புரட்டுகிறது அப்பா, நான் சொன்னபடி கேட்கிறது. இந்த வீட்டில் நான் சொன்னபடி கேட்கிற ஒன்று வந்து சேர்ந்ததே, அது போதும்!" என்றார்கள் தாயார். கோபோவுக்கு இதைவிட உயர்ந்த நற்சாட்சிப் பத்திரம் டொரொண்டோவிலும் கிடைத்திராது.

ஆனால் தாயார் படிப்பது தமிழ். இங்கேதான் நமது தேசத்து வாசகர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 'கெ' என்ற எழுத்தை நாம் எழுதும்போது கொம்பை முதலில் போட்டுப் பிறகு 'க'வை எழுதுகிறோம். ஆனால் யூனிகோட் என்னும் உலகப் பொது ஏற்பாட்டின்படி, யந்திரத்துக்குள் 'க' முதலிலும் கொம்பு அதன் பின்னாலும் இருக்கும். காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது பலகையின் பொறுப்பு. 'கொ'வுக்கு இன்னும் சங்கடம். ஒரே குறியை இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் வைக்கவேண்டும். தமிழ் கற்பிக்கப்படாத யந்திரத்தில் கொம்பு தப்பான பக்கத்தில் முளைக்கும். எழுத்துருவே இல்லாவிட்டால் வரிசை வரிசையாகக் கட்டங்கள் நிற்கும். கம்பரும் திருவள்ளுவரும் கட்டங்களாக நிற்பதைக் காண்பது போன்ற துக்கம் வேறில்லை. இரண்டு பலகைகளிலும், நமக்குப் பிடித்த எழுத்துருவைக் கணிப்பொறியிலிருந்து நாமே கொண்டுபோய் இட வழி செய்திருக்கிறார்கள். எந்தப் பலகையை வாங்குவதானாலும், வாங்குமுன் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதில் 'கொக்கு' ஒழுங்காகப் பறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

கடைச் சரக்கு என்ற அளவில் கிண்டிலுக்குத்தான் வெற்றி. 2016 டிசம்பரில் அமேசான் கம்பெனி தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய பாஷைகளில் மின் புத்தகங்களைத் திறந்துவிட்டது. அது முதல் எத்தனையோ தமிழ் ஆசிரியர்கள், பிரசுரகர்த்தர்களின் வாசலில் காத்திராமல் தாமே தங்கள் நூல்களை வெளியிட்டிருக்கிறார்கள். அந்த உபகாரத்தை மறுப்பது நன்றிகெட்டதனம். கோபோவின் கடையில் ஆங்கிலத்துக்குக் குறைவில்லை. தமிழுக்கு அத்தனை பெரிய அங்காடி இல்லை.

மற்றொரு பக்கம், வெளியிலிருந்து புத்தகத்தைக் கொண்டுவருவதில் கோபோ எளிது. 'ஈபப்' என்று ஒரு பொது அமைப்பு உண்டு. ஒரு கம்பெனிக்கு மாத்திரம் சொந்தமில்லாமல் பல பிரசுராலயங்கள் சேர்ந்து வகுத்துக்கொண்ட அளவுகோல் அது. கோபோவைக் கணிப்பொறியுடன் ஒரு கம்பியால் இணைத்து, ஈபப் புத்தகத்தை அரிசியை டப்பாவில் போடுவதுபோல் போட்டுவிடலாம். கிண்டில் தனக்கென்று தனி அமைப்பை வைத்துக்கொண்டது. 2022 முதல் ஈபப் புத்தகத்தை அது ஏற்றுக்கொள்கிறது என்றாலும், அந்தப் புத்தகம் அமேசானின் ஆபீஸ் வழியாக உருமாறித்தான் வந்து சேரும். மேலும், கோபோ கம்பெனியார் 2024-ல் 'ஐஃபிக்ஸிட்' என்ற ஸ்தாபனத்துடன் சேர்ந்து, பலகையை வீட்டிலேயே திறந்து பழுது பார்ப்பதற்கான வழிமுறைகளையும் உதிரிப் பாகங்களையும் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். பழுதானதைக் குப்பையில் போடாமல் சீர்செய்து வைத்துக்கொள்வது நம் பாட்டிமார்களின் தர்மம். அது கனடாவிலிருந்து திரும்பி வருவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோம்.

இதுவரை சொன்னவை எல்லாம் கண்ணையும் கையையும் பற்றியவை. இனிச் சொல்லப்போவது பாத்தியதையைப் பற்றியது.

நமது தாய்மாமன் கும்பகோணத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன் காலமானார். அவருடைய அலமாரிகள் இரண்டையும் குடும்பத்தார் பங்கிட்டுக்கொண்டார்கள். நிலத்தைப் பங்கிடும்போது நேர்ந்த மனத்தாங்கல் இதில் நேரவில்லை. நமக்கு ஒரு புறநானூறு கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் அவருடைய பென்சில் குறிப்பு. 'இந்த இடத்தில் உரைகாரர் தூங்கிவிட்டார்' என்பது போன்ற வாக்கியங்களை வாசித்தால் மாமாவே பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறது.

கடைசிக் காலத்தில் மாமா வாங்கியதெல்லாம் மின் புத்தகம். ஏறக்குறைய 300 இருக்கும். பலகை மேஜை மேல் இருந்தது. அதன் சங்கேதச் சொல் மாமாவோடு போய்விட்டது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டதில், அந்தப் புத்தகங்களைப் படிக்கும் உரிமை அவருக்கு மட்டும் அளிக்கப்பட்டது என்றும், வாரிசுகளுக்கு மாற்றிக் கொடுக்க ஏற்பாடு இல்லை என்றும் மரியாதையாகப் பதில் வந்தது. அது எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமல்ல. பூட்டு என்பது இந்த வியாபாரத்தில் அநேகமாக எல்லாருக்கும் பொது.

"புத்தகத்தை விலைக்கு வாங்கினார் என்றுதானே தம்பி நினைத்தேன்? வாடகைக்கா எடுத்தார்?" என்று கேட்டார்கள் அத்தை.

அத்தை கேட்ட கேள்வியைத்தான் பின்னால் அமெரிக்காவின் காலிபோர்னியா மாகாணத்துச் சட்டசபையும் கேட்டது. 2024-ல் நிறைவேறி 2025 ஜனவரி முதல் அமலுக்கு வந்த சட்டம் ஒன்றின்படி, மின் சரக்கை விற்பவர்கள், வாங்குபவருக்குக் கிடைப்பது லைசென்ஸ்தான் என்பதைத் தெளிவாகத் தெரிவிக்காமல் 'வாங்குக' என்ற சொல்லைப் போடக்கூடாது. அங்கே சட்டம் செய்யவேண்டி வந்தது என்றால், அதுவரை ஜனங்கள் வேறு விதமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் அர்த்தம்.

இந்த உரிமை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2009 ஜூலையில் உலகம் கண்டது. அமேசான் கடையில் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' முதலிய நூல்களைச் சிலர் விலை கொடுத்து வாங்கியிருந்தார்கள். அந்தப் பதிப்பை விற்றவருக்கு உரிமை இல்லை என்று பிறகு தெரிந்தது. உடனே கம்பெனியார் வாங்கியவர்களின் பலகைகளிலிருந்தே அந்த நூல்களை அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பினார்கள். பள்ளி மாணவர் ஒருவர் எழுதி வைத்திருந்த பாடக் குறிப்புகள் பயனற்றுப்போக, அவர் வழக்காடினார். 150,000 டாலரில் சமரசம் ஏற்பட்டது. கம்பெனியின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். நமது பீகாரிலுள்ள மோதிஹாரியில் பிறந்த ஆர்வெல், பழைய ஏடுகளை சர்க்கார் அழிக்கும் ஒரு ராஜ்யத்தைக் கற்பனை செய்து எழுதிய புத்தகம் அது! 2025 பிப்ரவரி 26 முதல், கிண்டில் புத்தகத்தைக் கணிப்பொறியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியும் நிறுத்தப்பட்டது.

அப்படியானால் கோபோ பக்கம் வந்தவுடன் சுயராஜ்யம் கிடைத்துவிட்டதா? இல்லை. பிரசுரகர்த்தர் பூட்டுப் போடச் சொன்னால் கோபோவும் பூட்டுத்தான் போடுகிறது. பூட்டு இல்லாத புத்தகமாக இருந்தால் அப்படியே குறிப்பிட்டுவிடுகிறது. அந்த மட்டில் நல்லது. ஒரு கடையில் பூட்டோடு வாங்கியதை மற்றக் கடைப் பலகையில் திறக்க முடியாது என்பது இரண்டுக்கும் பொதுவான வழக்கம். ஆகையால் நமது வீட்டில் கிண்டிலுக்கும் மேஜையில் ஓர் இடம் இருக்கிறது; மகள் அதில்தான் கல்லூரிப் பாட நூல்களைப் படிக்கிறாள். எஜமானரை மாற்றுவது வேறு, சுதந்திரம் அடைவது வேறு என்பதை நம் தேசத்தாருக்கு விளக்கவேண்டியதில்லை.

சுதந்திரம் எங்கே இருக்கிறது என்றால், பலகைக்குள் இல்லை, புத்தகத்தில் இருக்கிறது. ஓலையிலிருந்து காகிதத்துக்குத் தமிழ் குடிபோன காலத்தை நினைத்துப் பாருங்கள். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடி, 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் போவதற்குள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போன ஏடுகள் உண்டு. செல்லரித்துத் தூளான ஏடுகள் உண்டு. பிரதி எடுத்தவை பிழைத்தன, எடுக்காதவை போயின. எந்தக் குடிமாற்றத்திலும் இதுவே சட்டம்.

நல்ல காலமாக, இந்தக் குடிமாற்றத்தில் விழித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். 1998-ஆம் வருஷத்துப் பொங்கல் திருநாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. சுவிட்ஜர்லாந்து தேசத்திலிருந்த டாக்டர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல தேசங்களில் உள்ள தமிழர்கள் கூலி வாங்காமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, பிழை திருத்தி, யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். 2013 முதல் 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' தொண்டர்கள் தற்கால ஆசிரியர்களின் சம்மதம் பெற்று, பூட்டில்லாத மின் புத்தகங்களை வெளியிட்டு வருகிறார்கள். சர்க்காரும் ஒரு நல்ல மரபை உண்டாக்கியிருக்கிறது. பாரதியாரின் நூல்களை 1949-ல் தேசத்தின் சொத்தாக்கத் தொடங்கி, வாரிசுகளுக்குப் பரிவுத் தொகை கொடுத்து, எத்தனையோ ஆசிரியர்களின் நூல்களைப் பொதுவுடைமை ஆக்கியிருக்கிறார்கள். இவை எந்தப் பலகையிலும் திறக்கும். யாரும் வந்து திரும்பக் கேட்க முடியாது. தாயாரின் பலகையில் உள்ளவற்றில் பெரும்பகுதி இந்த வகைதான்.

ஆகவே நமது தீர்ப்பு இது. தமிழில் இன்று எழுதுகிறவர்களின் புதுப் புத்தகங்களைச் சொற்ப விலையில் உடனே படிக்கவேண்டும் என்பவர்கள் கிண்டில் வாங்கலாம், மனக்குறை இராது. பொதுவில் கிடைக்கும் நூல்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களும், வீட்டில் முதியோர் உள்ளவர்களும் கோபோவைப் பார்க்கலாம். எதை வாங்கினாலும் மூன்று காரியம் செய்யுங்கள். பூட்டில்லாத நூல்களுக்குக் கணிப்பொறியில் ஒரு பிரதி வையுங்கள். சங்கேதச் சொல்லை ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பேரன் பேத்திக்குப் போய்ச் சேரவேண்டும் என்று நீங்கள் நினைக்கும் புத்தகம் எதுவோ, அதைக் காகிதத்திலும் ஒன்று வாங்குங்கள்; வாங்கிய பிறகு பென்சிலால் அதில் ஏதாவது எழுதுங்கள்.

பலகைகள் வரும், போகும். இன்றைய கோபோவும் ஒரு நாள் பழசாகும். தமிழ் நூல் ஒன்று நூறு வருஷம் கழித்து யாராவது ஒரு பாட்டியின் கையில் கொட்டைப்பாக்கு எழுத்தில் திறக்குமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் டொரொண்டோக்காரர்களும் அல்ல, அமெரிக்காக்காரர்களும் அல்ல, நாமேதான்.